பாங்கி அணு உலை சொல்லும் பாடம்: இடம் தேடும்போது யாரைக் கேட்க வேண்டும்?

அணு உலை என்றதும் மலேசியத் தமிழர்களின் நினைவுக்கு முதலில் வருவது கூடங்குளம். இடிந்தகரைக் கடற்கரையில் திரண்ட மீனவப் பெண்களின் படங்களை 2011, 2012ஆம் ஆண்டுகளில் இங்குள்ள நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பார்த்தவர்கள் பலர். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், பாங்கியில், 1982ஆம் ஆண்டு முதல் ஓர் அணு உலை இயங்கி வருகிறது என்று சொன்னால், அதே வாசகர்களில் பலர் புருவத்தை உயர்த்துவார்கள். கேஎல் சென்ட்ரலில் ஏறி கொமூட்டர் ரயிலில் காஜாங்கைத் தாண்டி யுகேஎம் நிலையத்தில் இறங்குபவர்கள், அந்த உலையின் அக்கம்பக்கத்துக்கே வந்து சேர்கிறார்கள்.

இதைப் பற்றி இப்போது பேசக் காரணம் உண்டு. 2018இல் அணுமின்சாரம் வேண்டாம் என்று ஒதுக்கி வைத்த நம் நாடு, மீண்டும் அந்தக் கதவைத் திறந்திருக்கிறது. 2025இல் தாக்கல் செய்யப்பட்ட 13ஆவது மலேசியத் திட்டம், எதிர்கால எரிசக்தித் தேர்வுகளில் ஒன்றாக அணுசக்தியைச் சேர்த்தது. அதே ஆண்டில் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டமும் திருத்தப்பட்டது. மின் நிலையமோ, பாங்கி உலைக்கு மாற்றாக ஒரு புதிய ஆய்வு உலையோ, எது வந்தாலும் அதற்கு முதலில் தேவைப்படுவது பொறியாளர் அல்ல, நிலம். அந்த நிலம் எங்கே, அதை யார் தேர்ந்தெடுப்பது, அங்கே குடியிருப்பவரிடம் யார் கேட்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கான பாடத்தை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. பாங்கியிலேயே இருக்கிறது.

பாங்கியில் இருப்பது என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பாங்கி உலை மின்சாரம் தயாரிப்பதில்லை. அதன் வெப்பத் திறன் 1 மெகாவாட். கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட் மின்சாரம் தர வேண்டுமென்றால், அதற்குள் ஏறக்குறைய 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக வேண்டும். அதாவது பாங்கி உலை, கூடங்குளம் உலை ஒன்றில் சுமார் மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஒன்றைப் பார்த்துப் பயந்து மற்றொன்றை எதிர்ப்பதும் சரியல்ல; ஒன்று நாற்பது ஆண்டுகள் பத்திரமாக ஓடியதைக் காட்டி மற்றொன்றை ஆதரிப்பதும் சரியல்ல.

இந்த உலை அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக் நிறுவனம் வடிவமைத்த டிரிகா வகையைச் சேர்ந்தது. பயிற்சி, ஆய்வு, ஐசோடோப்பு உற்பத்தி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அந்தப் பெயர். பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1950களில் உருவான வடிவம் அது. உலகெங்கும் இவ்வகை உலைகள் 60க்கும் மேல் கட்டப்பட்டன. தண்ணீர் நிரம்பிய ஆழமான தொட்டியின் அடியில் எரிபொருள் கோல்கள் நிற்கும். யுரேனியத்தோடு சிர்கோனியம் ஹைட்ரைடும் கலந்த எரிபொருள் என்பதால், சூடு ஏற ஏற அணுப்பிளவு தானாகவே மட்டுப்படும். இயக்குபவர் தவறு செய்தாலும் உலையின் இயற்பியலே அதற்குக் கடிவாளம் போடும். மாணவர்கள் கற்றுக்கொள்ளும் உலைக்கு இந்தக் குணம்தான் முக்கியம்.

நிறுவனத்தின் வரலாறும் நீண்டது. அமைச்சரவை ஒப்புதலோடு 1972இல் தொடங்கிய முயற்சி, மறைந்த துணைப் பிரதமர் துன் டாக்டர் இஸ்மாயிலின் பெயரைத் தாங்கி 'புஸ்பாத்தி' என்ற ஆய்வு மையமாக வளர்ந்தது. 1982 ஜூன் 28ஆம் தேதி உலை முதன்முறையாகத் தொடர்வினையை எட்டியது. 1994இல் 'மிண்ட்' என்றும், 2006இல் மலேசிய அணுசக்தி நிறுவனம் என்றும் பெயர் மாறியது. மண், உணவு, கனிம மாதிரிகளை நியூட்ரான் கொண்டு பகுப்பாய்வு செய்வது, பொருளைப் பிளக்காமலே உள்ளே படம் எடுப்பது, ஆய்வுக்கான ஐசோடோப்புகளைத் தயாரிப்பது, மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பது ஆகியவை அங்கு நடக்கும் பணிகள்.

பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் ஏன்?

யுகேஎம் எனப்படும் மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் 1970இல் தொடங்கியபோது பாங்கியில் இல்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்த லெம்பா பந்தாயில், தற்காலிக வளாகத்தில் இயங்கியது. 1977இல்தான் பாங்கிக்கு இடம் மாறியது. ஆய்வு உலையும் அதன் அருகிலேயே எழுந்தது. உலை பல்கலைக்கழகத்தின் சொத்து அல்ல, அரசாங்கத்தினுடையது. ஆனாலும் வகுப்பறையும் உலையும் அக்கம்பக்கத்தில் இருந்ததால், ஒரு வளாக உலைக்குரிய பயன் பெருமளவு கிடைத்தது.

ஆய்வு உலைக்கு இடம் தேடும்போது எப்போதும் இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கும். மாணவர், பேராசிரியர், மருத்துவமனை ஆகியோருக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது ஒன்று. மக்கள் நெருக்கத்திலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது வெறும் வசதிக்காக அல்ல. மருத்துவமனைகளில் எலும்பு, இதயப் பரிசோதனைகளுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அது பிறக்கும் மூலமான மொலிப்டினம்-99க்கும் 66 மணி நேரம்தான். இத்தகைய பொருள்களைப் பொறுத்தவரை தூரம் என்பது நேரம்; நேரம் என்பது இழப்பு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் நெதர்லாந்திலும் இருந்த பழைய உலைகள் பழுதுபார்ப்புக்காக நின்றபோது, உலகம் முழுவதும் நோயாளிகளின் பரிசோதனைகள் தள்ளிப்போயின. பாங்கி போன்ற 1 மெகாவாட் உலை ஒரு நாட்டின் மொலிப்டினம் தேவையை நிறைவு செய்யாது என்பதும் உண்மை. ஆனால் அருகில் ஓர் உலையும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் இருப்பது எவ்வளவு மதிப்புடையது என்பதை அந்தத் தட்டுப்பாடு உணர்த்தியது.

இரண்டாவது விசைக்குள் நிலவியல், வெள்ளம், நிலத்தடி நீர், காற்றின் போக்கு, சாலை, பாதுகாப்பு, அவசரகால வெளியேற்றம் எல்லாம் அடங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2007 முதல் 2009 வரை கோலாலம்பூருக்கு வடகிழக்கே புக்கிட் திங்கி வட்டாரத்தில் சிறு நில அதிர்வுகள் பதிவாயின. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரையில் ஏறி நின்று உதவிக்குக் காத்திருந்தவர்களை நாடே பார்த்தது. கிள்ளான் கரையோரத்தின் மென்மையான களிமண்ணில் கனமான கட்டடம் எழுப்புவது எவ்வளவு சிரமம் என்பது அங்குள்ள குத்தகையாளர்களுக்குத் தெரியும். ஒரே பள்ளத்தாக்குக்குள்ளேயே ஓர் இடம் போல் இன்னோர் இடம் இருப்பதில்லை.

இந்த அளவுகோல்களில் 1970களின் பாங்கி நன்றாகவே தேறியிருக்கும். கரையோரச் சதுப்பிலிருந்து விலகிய உள்நிலம், சுற்றிலும் தோட்டங்கள், பக்கத்தில் பல்கலைக்கழகம், தலைநகருக்குப் போய்வரும் தூரம். அதே உலை லெம்பா பந்தாயில் கட்டப்பட்டிருந்தால், இன்று பங்சார் அடுக்குமாடிகளுக்கும் மிட்வேலி கடைத்தொகுதிக்கும் நடுவில் அது சிக்கிக்கொண்டிருக்கும்.

அண்டை நாடுகளில் நடந்தது

அப்படிச் சிக்கிக்கொண்ட உலைகள் நம் வட்டாரத்திலேயே இருக்கின்றன. தாய்லாந்தின் முதல் ஆய்வு உலை 1962இல் பாங்காக்கின் சத்துசாக் பகுதியில் இயங்கத் தொடங்கியது. இங்கிருந்து சுற்றுலா செல்வோர் வார இறுதிச் சந்தைக்குப் போகும் அதே மாவட்டம். அன்று நகரின் ஓரம். இன்று நெரிசலின் நடுப்பகுதி. உலையை நக்கோன் நாயோக் மாநிலத்தின் ஓங்காரக்கில் புதிதாகக் கட்ட 1990களில் திட்டமிட்டார்கள். எதிர்ப்பும் இழுபறியும் சூழ, அது திட்டமிட்டபடி எழவில்லை.

இந்தோனேசியாவின் முதல் உலை 1960களின் நடுப்பகுதியில் பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் பக்கத்தில், நகருக்குள்ளேயே அமைந்தது. பிலிப்பீன்ஸ் தன் உலையை 1963இல் கெசோன் சிட்டியின் டிலிமான் பல்கலைக்கழக வளாகத்திலேயே வைத்தது. 1988இல் அது டிரிகா வகைக்கு மாற்றப்பட்டது. சிறிது காலத்திலேயே தொட்டியில் கசிவு கண்டு நின்றுபோனது. பின்னர் அதே கட்டடத்தில், தானாகத் தொடர்வினை நடத்த இயலாத சிறு பயிற்சி அமைப்பு ஒன்றை 2022இல் தொடங்கினார்கள். இடையில் ஒரு தலைமுறை மாணவர்கள் சொந்த நாட்டில் உலையைத் தொடாமலே படித்து முடித்தார்கள்.

இந்த மூன்றிலும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. உலை நகரத்தைத் தேடிப் போகவில்லை. நகரம்தான் உலையைத் தேடி வந்தது.

பாங்கிக்கும் வந்த நகரம்

பாங்கியிலும் அதுவே நடந்திருக்கிறது. ரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் பண்டார் பாரு பாங்கி விரிந்தது. ஒரு பக்கம் புத்ராஜெயா எழுந்தது. மறுபக்கம் காஜாங்குக்கு 2017இல் எம்ஆர்டி வந்தது. செமினி வரை தாமான்கள் நீண்டன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி காஜாங், பாங்கி ஆகியவற்றை உள்ளடக்கிய உலு லங்காட் மாவட்டத்தில் ஏறக்குறைய 14 லட்சம் பேர் வாழ்கிறார்கள். இது கிள்ளான் மாவட்டத்தைவிட அதிகம்.

ஆஸ்திரேலியா இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது. சிட்னியின் தெற்கே லூக்காஸ் ஹைட்ஸ் வளாகத்தில் 1958 முதல் ஆய்வு உலை இருக்கிறது. அங்கும் புறநகர் வளர்ந்தது. ஆனால் உலையைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் தூரத்துக்குக் குடியிருப்பு கூடாது என்று ஒரு வளையம் போட்டு வைத்திருந்தார்கள். பழைய உலைக்கு மாற்றாக, அதே வளாகத்தில் 20 மெகாவாட் புதிய உலையைக் கட்டியபோது அந்த வளையம் கைகொடுத்தது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிவதில்லை. அந்த இடத்தைச் சுற்றியுள்ள நிலத்தை அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எப்படிக் காப்பது என்பதும் அதே முடிவின் பகுதி.

சட்டம் பின்னால் வந்தது

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னோர் உண்மை தெரியும். பாங்கி உலை இயங்கத் தொடங்கியது 1982. அணுசக்தி உரிமச் சட்டம் வந்தது 1984. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கும் ஆணை நடப்புக்கு வந்தது 1988 ஏப்ரலில். அதற்கு முன் 1968ஆம் ஆண்டின் கதிரியக்கப் பொருள் சட்டம் இருந்தது என்றாலும், உலைக்கு உரிமம் வழங்கும் தனி வாரியமோ, மக்கள் பார்வைக்கு அறிக்கை வைக்கும் கடமையோ அன்று இல்லை. அதாவது இடம் முடிவாகி, உலை எழுந்து, இயங்கிய பிறகுதான் சட்டம் வந்தது.

இந்த இடைவெளி எவ்வளவு விலை கேட்கும் என்பதைப் பாங்கி காட்டவில்லை, பேராக் காட்டியது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் அரிய மண் தாதுவைப் பிரித்தெடுத்த ஆலையின் தோரியக் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வி 1980களில் எழுந்தது. பாரிட் மக்கள் எதிர்த்தார்கள். பிறகு பாபான் மக்கள் எதிர்த்தார்கள். 1985இல் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்த உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. வழக்கில் வென்ற நிறுவனம் மக்களின் நம்பிக்கையில் தோற்றது. முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் நாட்டில் இல்லை.

வரைபடத்தில் காலி நிலம், தரையில் தோட்டம்

இந்தியச் சமுதாயத்துக்கு இதில் தனியான அக்கறை இருக்க வேண்டும். சிலாங்கூரில் பெரிய திட்டங்களுக்கு இடம் தேடும்போது, வரைபடத்தில் 'காலி' என்று தெரிந்த நிலம் பெரும்பாலும் தோட்டமாக இருந்திருக்கிறது. அங்கே லயன் வீடுகளும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்தன. ஆனால் நிலப்பட்டாவில் தொழிலாளியின் பெயர் இல்லை. ஆகவே நிலம் கைமாறும்போது பேச்சுவார்த்தை மேசையில் அவருக்கு நாற்காலியும் இல்லை.

பாங்கிக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1990களில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு இடம் மாற்றப்பட்டன. அங்கே சுவர்களில் விழுந்த விரிசல்களும், தரைவீடு வேண்டும் என்ற கோரிக்கையும் ஆண்டுக்கணக்கில் செய்தியாகின. நாட்டின் நிர்வாகத் தலைநகர் அமைந்தது பெருமைதான். அந்தப் பெருமைக்கு நிலம் விட்டவர்கள் பல்லாண்டுகள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதும் அதே வரலாற்றின் பக்கம்தான்.

நாளை ஓர் அணுசக்தித் திட்டத்துக்கு ஒதுக்குப்புறமான நிலம் தேடப்படும்போது, மீதமிருக்கும் தோட்டப்புறங்களும் அவற்றைச் சுற்றியுள்ள மலிவு விலை வீடமைப்புகளும் மறுபடியும் பட்டியலில் வர வாய்ப்புண்டு. அது சதி அல்ல. நில விலையும் மக்கள் அடர்த்தியும் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் மனிதர்களையும் சேர்க்கச் சொல்வதுதான் குடிமக்களின் வேலை.

பயம் எங்கே இருக்க வேண்டும்?

அக்கறை என்பது பீதி அல்ல. கதிரியக்கத்தால் இந்த வட்டாரத்தில் உயிர்கள் போன சம்பவம் ஓர் உலையில் நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் பாங்காக் அருகே சமுத் பிரகானில், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய மருத்துவக் கருவியின் கோபால்ட்-60 மூலம் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அது என்னவென்று தெரியாமல் உடைத்தார்கள். மூவர் இறந்தனர். நம் நாட்டிலேயே 2018 ஆகஸ்ட்டில், சிரம்பானிலிருந்து ஷா ஆலம் வரும் வழியில், ஒரு வாகனத்திலிருந்து இரிடியம் அடங்கிய தொழிற்சாலைக் கருவி காணாமல் போனது. பூசோங், கிள்ளான், ஷா ஆலம் பகுதிகளில் பழைய இரும்புத் தொழிலில் நம்மவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்று இலைச் சின்னம் பொறித்த உலோகப் பெட்டியைக் கண்டால் தொடாதே, வெட்டாதே, உடனே அதிகாரிகளிடம் சொல் என்ற ஒரு வரி எச்சரிக்கை அவர்களுக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டும். உலைத் தொட்டியைச் சுற்றித் தடித்த கான்கிரீட் சுவரும் காவலும் பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டு. சாலையில் போகும் சிறு கருவிக்குப் பல நேரங்களில் ஒரு பூட்டுதான் காவல்.

அதற்காக ஆய்வு உலைக்கு இடம் எதுவானாலும் பரவாயில்லை என்று ஆகிவிடாது. பயன்படுத்திய எரிபொருள், கதிரியக்கக் கழிவு, ஒருநாள் உலையை மூடிப் பிரிக்க வேண்டிய பொறுப்பு ஆகியவை அதே நிலத்தில்தான் தங்கும். உலை ஐம்பது ஆண்டுகள் இயங்கினால், அதன் கணக்கை முடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இடத்தைத் தேர்ந்தெடுத்த அமைச்சரும் அதிகாரியும் அப்போது இருக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார்.

கேட்க வேண்டியவை

அடுத்த இடம் பேசப்படும்போது கேட்க வேண்டியவை சில உண்டு. ஒரே ஓர் இடத்தைக் காட்டி சம்மதம் கேட்கக் கூடாது. பரிசீலித்த இடங்கள் எவை, மற்றவை ஏன் ஒதுக்கப்பட்டன என்பதையும் வெளியிட வேண்டும். சுற்றிலும் குடியிருப்பு கூடாத வளையத்தை முதல் நாளே மாவட்ட வரைவுத் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். கழிவு எங்கே போகும், மூடும் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அவசரகால நடைமுறை தேசிய மொழியில் மட்டுமல்லாமல், அருகிலுள்ள மக்கள் பேசும் தமிழிலும் சீனத்திலும் இருக்க வேண்டும். அது மின் நிலையமாக இல்லாமல் சிறிய ஆய்வு உலையாக இருந்தாலும் இந்தக் கடமைகள் குறையக் கூடாது.

இவற்றைக் கேட்க வழியும் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி உள்ளூர்த் திட்டங்களின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம். விரிவான சுற்றுச்சூழல் அறிக்கைகளுக்கும் அதே போல் பொதுமக்கள் கருத்து கேட்கப்படுகிறது. கோயில் நிர்வாகங்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இந்த அறிவிப்புகளைக் கவனித்து, காலக்கெடுவுக்குள் ஒரு கடிதம் போட்டாலே அது கோப்பில் ஏறும். இயந்திரம் மண்ணைத் தோண்ட வந்த பிறகு பதாகை பிடிப்பதைவிட அந்தக் கடிதத்துக்கு எடை அதிகம்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேலிக்கு வெளியே நின்று கேள்வி கேட்பவர்களும் வேண்டும்; உள்ளே நின்று பதில் சொல்லத் தெரிந்தவர்களும் வேண்டும். யுகேஎம்மில் அணு அறிவியல் பாடம் இருக்கிறது. காஜாங்கிலுள்ள யுனிடென் பல்கலைக்கழகம் அணுசக்தி ஆய்வுக் கழகம் ஒன்றை நடத்துகிறது. எஸ்பிஎம் தேர்வில் இயற்பியலும் வேதியியலும் நன்றாக எழுதும் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டில் மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற மூன்றைத் தாண்டிப் பேச்சு எழுவது அரிது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, மருத்துவ இயற்பியலாளர், உலை இயக்குநர் என்ற வேலைகள் இருப்பதே பலருக்குத் தெரியாது. நாளை ஒரு தாமானில் விளக்கக் கூட்டம் நடக்கும்போது, மேடையில் இருப்பவர் அந்தத் தாமானின் மொழியிலேயே பதில் சொன்னால், அந்தப் பதிலை நம்புவதா வேண்டாமா என்பதை மக்கள் தாங்களே எடைபோட முடியும்.

பாங்கி உலை நல்ல இடத்தில்தான் அமைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் நாட்டுக்கு உழைத்திருக்கிறது. ஆனால் அன்று தோட்டங்களின் நடுவில் இருந்த உலைக்கு இன்று லட்சக்கணக்கானோர் அண்டை வீட்டார். அவர்களில் யாரிடமும் கேட்க வேண்டும் என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை. இன்றைய சட்டம் கேட்கச் சொல்கிறது. கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும்.